வாய் திறந்த குறிசொல்லி

ட்ருசியானாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றே உரம் ஏறிய உடம்பு அது. அவளைப் போய் முக்காலியில் உட்காரவைத்து, தலையில் முண்டாசு கட்டி, மடியில் கனத்த புத்தகத்தை விரித்து, அசையக்கூடாது என்று சொன்னால் எப்படி? முதலில் மூக்கு அரித்தது. பிறகு முதுகு. பிறகு, எங்கே அரிக்கிறது என்று சொல்ல முடியாத இடங்களெல்லாம் அரித்தன.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. சுண்ணாம்பு ஈரமா இருக்கும்போதே நான் முடிச்சாகணும்" என்றார் சாரத்தின் மேல் நின்ற மேஸ்திரி செவெரோ.

மலைமேல் இருக்கும் ரொக்காசெர்ரா ஊரில் புனித பிளாசியுஸ் சபையார் தங்கள் கோயில் சுவர்களுக்குப் படம் வரைய அவரை வரவழைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவரில் தீர்க்கதரிசிகள், எதிர்ச் சுவரில் சிபில்கள். சிபில் என்றால் பழைய கிரேக்கர் காலத்துக் குறிசொல்லி. குகையில் உட்கார்ந்து நடக்கப்போவதைச் சொன்னவர்கள், ஏசு பிறப்பார் என்பதையும் சொல்லிவைத்தவர்கள் என்று அவர்களுக்கு எல்லாக் கோயில்களிலும் இடம் கொடுத்திருந்தார்கள். பெண்களை முன்னால் உட்காரவைத்து வரைவது மரியாதை இல்லை என்பதால், ஓவியர்கள் தங்கள் பட்டறை ஆண்களுக்கே முண்டாசு கட்டி உட்காரவைப்பார்கள். அதனால்தான் அந்த வட்டாரத்துச் சிபில்கள் பலருக்குத் தொண்டையில் குரல்வளை முடிச்சு தெரியும். செவெரோவின் ஆட்களோ எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ரொட்டி வாங்கப் போன இடத்தில் நீளமான மரத்துடுப்பால் ரொட்டிகளை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்த ட்ருசியானாவின் கைகளைப் பார்த்தார். மரியாதை எக்கேடும் கெடட்டும் என்று கூப்பிட்டுவிட்டார். அவளும், அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று வந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் பக்கத்துச் சிபில்களைப் பார்த்தாள். முந்தின நாட்களில் வரைந்து முடித்தவர்கள். அழகாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், இன்னொருத்தி புத்தகத்தைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, இவளுங்க நடக்கப்போறதைச் சொல்றவளுங்கதானே?"

"ஆமா."

"பின்னே ஏன் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்காளுங்க?"

"அதான் வழக்கம். பின்னாடி ஒரு தேவதூதன் நிக்கிறான் பாரு. அவன் காதுல சொல்லுவான். இவ கேட்டுக்குவா."

"குறி சொல்றவளுக்கே ஒருத்தன் வந்து சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்றாள் ட்ருசியானா.

செவெரோ தூரிகையைத் தண்ணீரில் அலசினார். முப்பது வருஷமாக மூடிய வாய்களை வரைந்து சலித்த மனிதர். சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பு இறுகிவிடும், யோசிக்க நேரமில்லை. "வாயைத் திறம்மா" என்றார். "பேசற மாதிரி. உன் ஆளுங்ககிட்ட எப்படிப் பேசுவியோ அப்படி."

மறுநாள் காலையில் பூச்சு கல்லாக இறுகியிருந்தது. சுவரில் ஒருத்தி புத்தகத்தின் மேல் கைகளை ஊன்றி, யாரையும் அண்ணாந்து பார்க்காமல், கீழே வந்து நிற்பவர்களை நேராகப் பார்த்து வாய் திறந்திருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. தேவதூதன் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம்.

சாரத்தைப் பிரித்த அன்று ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கம்பளி நூற்கும் மெனிக்கா, ட்ருசியானாவின் ரொட்டி அடுப்புக்கு மாவு பிசையவும் வருகிறவள், முதலில் கண்டுபிடித்தாள்.

"அடியே, நம்ம ட்ருசியில்ல அது. நான் பிசைஞ்சது பொங்கலைன்னு என்னைத் திட்டறப்போ இதே மூஞ்சிதான்."

அன்றிலிருந்து சுவரில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்பதே பேச்சாகப் போயிற்று. மழை வரும் என்கிறாள் என்றாள் ஒருத்தி. மாமியாரைத் திட்டுகிறாள் என்றாள் இன்னொருத்தி. பிறகு சிலர் அவள் கீழே மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிறகு நேராக அடுப்புக்கே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். கம்பளி விற்கப் போன புருஷன் எப்போது வருவான் என்று ஒருத்தி கேட்டாள். "கையில இருக்கிற காசு தீந்ததும் வருவான்" என்றாள் ட்ருசியானா. அவன் அப்படியே வந்து சேர்ந்தான், வெறும் பையோடு. அதற்குப் பிறகு அவள் என்ன மறுத்தாலும் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

அவள் தனியாக ஒருநாள் போய்ப் பார்த்தாள். வீட்டில் கண்ணாடி கிடையாது. தன் முகத்தை வாளித் தண்ணீரில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் குனிந்து. இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் படத்துக்கு முன்னால் அந்த ஊரில் அவளை யாரும் ஒன்றுக்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அங்கே சுவரில் அவள் பேசிக்கொண்டிருந்தாள், கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பெருமைக்குத்தான் வினை வந்தது. குளிர்காலத்தில் வரும் புனித பிளாசியுஸ் திருநாளுக்கு ஆயர் வரப்போவதாகச் செய்தி வந்ததும் சபைத் தலைவர் ஜிஸ்மோந்தோ கோயிலுக்கு ஓடினார். உயிரோடு இருக்கிற ஒரு ரொட்டிக்காரிக்கு முன்னால் ஊரே மெழுகுவத்தி ஏற்றுகிறது என்று ஆயர் காதில் விழுந்தால் தன் தலைமை அன்றோடு போயிற்று. மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த முகத்தை மாற்றச் சொன்னார்.

"இந்தப் பனியில சுண்ணாம்பு பிடிக்காதுங்க. இன்னிக்குப் பூசினா உறைஞ்சு உதிரும். காய்ஞ்ச சுவர்மேல வண்ணம் மட்டும் பூசினா மெழுகுவத்திப் புகைக்கே உரியும்" என்றார் செவெரோ. "முகத்தைச் செதுக்கிட்டு ஆயருக்கு ஓட்டையைக் காட்டறதுன்னா சொல்லுங்க, இப்பவே உளியை எடுக்கறேன்."

ஆகவே திருநாளுக்கு முந்தின நாள் முற்பகலில் ஜிஸ்மோந்தோ ரொட்டி அடுப்புக்கு வந்தார். உள்ளே திராட்சைக் கொடிச் சுள்ளிகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. சுவரோரம் நீளப் பலகைகளில் திருநாள் ரொட்டிகள், சோம்பு போட்டுப் பிசைந்து, சிலுவை கீறி, பொங்கி நின்றன. ஆயர் மந்திரித்து ஊருக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டிய ரொட்டி. மெனிக்கா கடைசி மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் செத்து வருஷம் திரும்பிடுச்சில்ல?" என்று தொடங்கினார். விதவை ஒரு வருஷம்தான் அடுப்பை நடத்தலாம், பிறகு ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் அல்லது அடுப்பை விட வேண்டும் என்பது சபையின் விதி. அடுப்பு சபையுடையது.

"திரும்பிடுச்சுங்க."

"விதியை நான் கண்டுக்காம விட்டுடறேன். நீயே நடத்து. அதுக்கு ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ஆயர் முன்னாடி, அது என் முகம் இல்லைன்னு சொல்லிடு. பனி விட்டதும் செதுக்கிட்டு, அடக்கமா ஒரு முகம் வரையச் சொல்றேன்."

"மூஞ்சியும் இருக்கணும், அடுப்பும் இருக்கணும் ஐயா."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?"

"மீசை உங்க மூஞ்சியில இருக்கு. நான் கேக்கறது என் மூஞ்சியை."

மெனிக்கா மாவுக்குள் குனிந்து சிரித்தாள். ஜிஸ்மோந்தோவுக்கு முகம் சிவந்தது. அவர் படித்த மனிதர். படித்தவர்களுக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்துவார்கள்.

"அந்தச் சிபில் யாருன்னு உனக்குத் தெரியுமா? கூமே குகையிலேருந்து ரோமாபுரி ராஜாகிட்ட வந்தவ. நடக்கப்போறதெல்லாம் எழுதின ஒன்பது புத்தகத்தைக் கொண்டுவந்து விலை சொன்னா. அதிகம்னு ராஜா சிரிச்சார். அவ மூணைத் தீயில போட்டுட்டு, மிச்சம் ஆறுக்கும் அதே விலைன்னா. பைத்தியம்னு சிரிச்சார். இன்னும் மூணைப் போட்டா. மிச்சம் மூணுக்கும் அதே விலை. ராஜாவுக்கே பயம் வந்துடுச்சு. அப்பேர்ப்பட்டவ உட்கார்ற இடத்துல மாவுக் கையோட நீ உட்கார்றியே, உனக்கு வெக்கமா இல்லை?"

ட்ருசியானா கதையைக் கவனமாகக் கேட்டாள்.

"ராஜா கடைசியில முழு விலையும் குடுத்தாரா?"

"குடுத்தார். குடுக்காம என்ன பண்ணுவார்?"

அவள் துடுப்பை எடுத்தாள். சுவரோரத்துப் பலகைகளில் மூன்றில் ஒரு பங்கை, ஒன்றன்பின் ஒன்றாக, இன்னும் வாரி ஒதுக்காத தணலின் மேலேயே தள்ளினாள். மாவு சீறிற்று. கருகுகிற சோம்பின் வாசனை அடுப்பு வாயிலிருந்து கிளம்பி அவர் முகத்தில் அடித்தது.

"என்ன பண்றே நீ?"

"மூஞ்சியும் அடுப்பும்" என்றாள். "விலை அதேதான்."

"உன்னைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. சுடறது யாரு?"

ஜிஸ்மோந்தோ மெனிக்காவைப் பார்த்தார். "நீ சுடு."

"எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றாள் மெனிக்கா. சின்ன வயதிலிருந்து பிடித்தவள். வாய் கூசாமல் சொன்னாள்.

வேறு அடுப்பும் கிடையாது. எல்லாரும் சபை அடுப்பில்தான் சுட வேண்டும், கட்டணம் சபைக்கே வர வேண்டும் என்று வீட்டு அடுப்புகளையெல்லாம் வீடு வீடாகப் போய் இடிக்கவைத்தவர் இதே ஜிஸ்மோந்தோ. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "ஒரு பொம்பளைக்குப் பயந்து நான் விதியை மாத்தணுமா" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு பங்கும் தணலுக்குப் போயிற்று. சாப்பாட்டை எரிப்பது அவளுக்கு எளிதல்ல. ஒரு ரொட்டி அடிப்பிடித்தாலே மனம் ஆறாதவள். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றாள். வாசனை பிடித்துச் சதுக்கத்திலிருந்து பெண்கள் வாசலில் வந்து குவிந்தார்கள்.

"என்ன ட்ருசி, கருக விட்டுட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"விடல. எரிக்கிறேன்" என்றாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "மிச்சம் இவ்வளவுதான் இருக்கு. மூஞ்சியும் அடுப்பும். நான் கட்டிக்க மாட்டேன், நான் சாகிற வரைக்கும் அடுப்பு என்னோடது. சுவத்துல யாரும் உளி வைக்கக்கூடாது. விலை அதேதான் ஐயா."

துடுப்பின் நுனி மூன்றாவது பங்கின் அடியில் நுழைந்திருந்தது. ஜிஸ்மோந்தோ வாசலைப் பார்த்தார். ஒரு பெண்ணும் வழிவிடுகிறதாக இல்லை. கழுத்தில் தொங்கிய சபைப் பதக்கத்தைக் கையில் பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி சத்தியம் செய்தார். அவள் தணலை வாரி ஒதுக்கி, அடுப்பைத் துடைத்து, மிச்ச ரொட்டிகளைச் சுட்டாள். அவ்வளவு நல்ல ரொட்டி அந்த வருஷத்தில் சுட்டதில்லை.

மறுநாள் பூசை முடிந்து ஆயர் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வயதானவர், முழங்கால் வலிக்காரர், ஆனால் கண் கூர்மை. ட்ருசியானா கூடையோடு பின்னால் வந்து மந்திரித்த ரொட்டியைப் பங்கு வைத்தாள். எல்லாருக்கும் எட்ட வேண்டுமே என்று துண்டுகள் நற்கருணை அப்பம்போல மெலிதாக இருந்தன. ஏன் இவ்வளவு மெலிசு என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

வாய் திறந்தவளின் முன்னால் ஆயர் நின்றார். மெழுகுவத்தியை உயர்த்தினார். பிறகு திரும்பிக் கூடைக்காரியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"இது யாரு?"

"கூமே குகைச் சிபில், ஆண்டகையே" என்றார் ஜிஸ்மோந்தோ. நெற்றியில் வேர்வை. "ஜாடை மட்டும் கொஞ்சம். தற்செயல்தான். வேணும்னா அவளையே கேளுங்க."

முகத்துக்கும் அடுப்புக்கும்தான் சத்தியம் செய்திருந்தார். அவளைக் கேட்கச் சொல்ல மாட்டேன் என்று செய்யவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுப்பும் இருக்கும், சுவரும் இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆமாம் என்றால் ஆயரே அதைச் செதுக்கச் சொல்லிவிடலாம், தலைவரின் சத்தியமெல்லாம் காற்றில் போகும். ட்ருசியானாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. கூடையின் பிடி கையில் வழுக்கியது.

"என் மூஞ்சிதான்" என்றாள்.

பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. ஆயர் மெழுகுவத்தியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பல் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"நான் பார்த்த சிபில் எல்லாம் வாயை மூடியிருக்கும். இவ என்ன சொல்றா?"

மழை என்று நினைத்தவர்களும் மாமியார் என்று நினைத்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முடியாதுங்கிறா, ஆண்டகையே."

ஆயர் மெழுகுவத்தியைத் தாழ்த்தித் தலையாட்டினார். ரொட்டிக்குக் கை நீட்டினார். எல்லாருக்கும் கொடுத்த அதே மெலிசுத் துண்டைத்தான் அவருக்கும் கொடுத்தாள்.