எந்தக் கையால்

மீன் வறுவல் தட்டோடு வெர்னா வாசலுக்கு வந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் அவள் புருஷன் ஆரின், ஹெர்ஷலின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். போன வாரத்து அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் ஒருத்தன் எதிராளியைத் தூக்கி அடித்ததை நடித்துக் காட்டுகிறானாம். காதுகேளாதோர் மன்றத்துச் சனிக்கிழமை விருந்தில் இந்தக் கூத்து இல்லாமல் இருக்காது. காது கேளாதவன் கதை சொன்னால் உடம்பு முழுக்கச் சொல்வான். எதிரே நிற்பவனுக்கு இரண்டு அடியாவது விழும்.

"டேய், விடுடா! புதுச் சட்டை!" ஹெர்ஷலின் கைகள் கெஞ்சின.

"புதுசா? உன் கல்யாணத்துலயே பாத்த சட்டைடா இது!"

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் திரையை விலக்கிப் பார்த்தாள், கையில் போன். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வெர்னா விட்டுவிட்டாள். அவளைப் பார்த்துச் சிரித்து ஒரு கையாவது ஆட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆரினுக்கு முதுகுப் பக்கமாக வந்தார்கள். இளையவனின் வாய் திறந்து திறந்து மூடியது. அவன் கத்துவது முதுகுக்கு எப்படித் தெரியும்? வெர்னா தட்டைப் போட்டுவிட்டுக் கையை வீசுவதற்குள் ஷாக் துப்பாக்கியின் மின்சாரம் அவன் முதுகில் பாய்ந்தது. ஆரின் வெட்டிய மரம்போல் முகங்குப்புற விழுந்தான். இளையவன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, இடது கையைப் பின்னால் முறுக்கினான்.

ஐயோ, அந்தக் கை! அச்சகத்து இயந்திரத்தில் நசுங்கி, இரும்புத் தகடு வைத்துத் தைத்த மணிக்கட்டு அது. அது ஆறும்வரை அவன் ஒற்றைக் கையால் திக்கித் திக்கித்தான் பேசினான்.

போன மாதம் மன்றத்துக்கு ஒரு வக்கீலம்மா வந்து வகுப்பெடுத்தாள். "கைவிலங்கை முன்பக்கமாப் போடச் சொல்லிக் கேளுங்க. சைகை தெரிஞ்சவங்களக் கூப்பிடச் சொல்லுங்க. அது உங்க உரிமை." பின்வரிசையிலிருந்து ஆரின் எழுந்தான். "பின்னாடி கட்டிப்புட்டான்னா எந்தக் கையால கேக்கறதாம்?" கூடம் முழுக்கத் தரையை உதைத்துச் சிரித்தது. வெர்னாவும்தான் சிரித்தாள்.

இப்போது ஆரினின் வாய் அகலத் திறந்திருந்தது. அவன் அலறல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. முகம் போதும். ஓடிப்போய், "அது உடைஞ்ச கை, முன்னாடி கட்டுங்க" என்று சைகை காட்டினாள். இளையவன் நிமிர்ந்து பார்த்தால்தானே! அவன் கண் விலங்கின் மேலேயே இருந்தது. பார்க்காதவனை எப்படிக் கூப்பிடுவது? பிறந்ததிலிருந்து கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

போலீஸ்காரரைத் தொட்டுவிடாதீர்கள் என்றும் அந்த வக்கீலம்மா சொல்லியிருந்தாள். பாழாய்ப்போன கை முந்திக்கொண்டது.

முழங்கை அவள் வாயில் வந்து இறங்கியது. தார்த்தரையில் விழுந்து எச்சில் துப்பினாள். ரத்தத்தோடு பாதிப் பல் வந்தது. மூத்தவன் துப்பாக்கியை அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டியிருந்தான். அவன் உதட்டைப் படித்தாள்: "கைய ஆட்டாத! ஆட்டாத!"

ஆட்டாமல் எப்படியடா பேசுவது, பாவி! மறுபடி கையைத் தூக்கினாள். ஹெர்ஷல் பாய்ந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து மடியோடு அழுத்திக்கொண்டான். இருபது வருஷச் சிநேகிதன். விடு விடு என்று திமிறினாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஆரினைத் தூக்கி நிறுத்தி வண்டிக்கு நடத்தினார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் விலங்கும்தான். இடது கை கோணலாகத் தொங்கியது. வலது கை விரல்கள் அசைந்து எழுத்துக் கூட்டின. ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, அவள் பின்னால்தான் இருப்பாள் என்ற நம்பிக்கையில்.

எந்தக் கையால.

இந்த நிலைமையிலும் நக்கலா மனுஷா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்லத் துடித்தாள். ஹெர்ஷல் பிடியைத் தளர்த்தவில்லை. விரல்கள் அடுத்த எழுத்தைத் தொடங்கின. இளையவன் குனிந்து பார்த்தான். என்னவோ திருட்டு வேலை என்று நினைத்தானோ என்னவோ, ஐந்து விரல்களையும் சேர்த்துத் தன் முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, வண்டிவரை அப்படியே நடத்திப் போனான்.