பட்டன் வைத்த புடவை

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களிலேயே அருள்மொழியின் வலது தோள் இறுகத் தொடங்கியது. முதலில் கரும்பலகையின் மேல்வரிசை எட்டவில்லை. பிறகு தலை வாரக் கை போகவில்லை. ஜூலை கடைசியில் முந்தானையை எடுத்துத் தோளில் போடுவதே முடியாமல் போனது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு, பயிற்சி செய்தால் விட்டுவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர்.

அருள்மொழிக்கு நாற்பத்தெட்டு வயது. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தாள். வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பிரேயருக்குப் போய்ச் சேர முடியும். ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி.

அவள் கணவன் கதிரவன் நெய்வேலியில் சுரங்க வேலை பார்த்தான். அவன் காலையில் வீட்டில் இருக்கும் வாரங்களில் அவனே புடவை கட்டிவிட்டான். முதல் நாள் கட்டியது மூட்டை கட்டியதுபோல இருந்தது. சில நாட்களில் தரையில் உட்கார்ந்து கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிவிடும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் முதல் ஷிப்டு வந்தால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். அந்த நாட்களில் அருள்மொழி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு நாள் தட்டினாள். மூன்றாம் நாள் தட்டக் கூச்சமாக இருந்தது, லீவு போட்டுவிட்டாள். சுடிதாரும் உதவவில்லை, அதையும் தலை வழியாகத்தான் மாட்ட வேண்டும். முன்னால் ஜிப் வைத்த நைட்டி ஒன்றுதான் அவளால் தனியாகப் போட முடிந்த உடை. ஆகஸ்டு பாதியில் லீவும் தீர்ந்துபோனது.

ஒரு சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் நித்யா மேரியின் தையல் கடைக்குப் போனாள். எட்டு வருடமாக அவளுக்கு ஜாக்கெட் தைப்பவள் நித்யா மேரி. கையை அகலமாக்கி, அக்குளில் தளர்த்தி ஜாக்கெட் தைக்க முடியுமா என்று கேட்கத்தான் போயிருந்தாள்.

மேசை மேல் நீளமாக ஒரு வெள்ளை உடை விரித்துக் கிடந்தது.

"இது என்ன நித்யா?"

"ஃபாதரோட அங்கி டீச்சர். நம்ம பங்குக் கோயிலுக்குப் புதுசா வந்திருக்காரு. ரெண்டு தைக்கச் சொல்லியிருக்காரு."

"இத எப்படிப் போடுவாங்க?"

"சட்டை மாதிரிதான். கைய வுட்டுக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும் பட்டன் போட்டுக்குவாங்க. தலை வழியா மாட்டுற வேலையே இல்ல."

சொல்லிவிட்டு நித்யா மேரி நிறுத்தினாள். அருள்மொழியின் தொங்கிய கையைப் பார்த்தாள், பிறகு அங்கியைப் பார்த்தாள்.

"டீச்சர், இதையே உங்களுக்குத் தைச்சா இன்னா?"

"என்னயச் சாமியாராக்கப் பாக்கிறியா?"

"காலர எடுத்துடலாம். முட்டிக்குக் கீழ நிறுத்திடலாம். கைய அகலமா வச்சுட்டா இந்தக் கைய மொதல்ல வுட்டு, அப்புறம் அந்தக் கை. உள்ள இடுப்புல எலாஸ்டிக் வச்சு லூசா ஒரு பேண்ட்டு. எல்லாத்தையும் நீங்களே போட்டுக்கலாம்."

'நீங்களே' என்ற சொல் அருள்மொழியின் மனதில் நின்றுவிட்டது.

வேலையிலிருந்து திரும்பும் வழியில் குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் நீலக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிவந்தான் கதிரவன். நித்யா மேரி மூன்றே நாளில் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்குப் போடும் முன் ஒரு தண்ணி அலசிக் காயப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, திங்கட்கிழமைக்கு ஒத்திகைபோல மறுபடி போட்டாள். வலது கை சற்று இறுக்கமாக உள்ளே போனது. கழற்றும்போது வெளியே வரவில்லை. துணி சுருங்கி அக்குளைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் தோளில் உயிர் போகும் வலி. கதிரவன் வேலைக்குப் போயிருந்தான். சிறிது நேரம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மஞ்சக்குப்பம் போனாள்.

கடைக்குப் பின்னால்தான் நித்யா மேரியின் வீடு. சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அருள்மொழியை ஸ்டூலில் உட்கார வைத்து, சின்னக் கத்தரியால் அக்குள் தையலை ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். தோலில் படாமல் இருக்க இடது கை விரலை நடுவில் கொடுத்துக்கொண்டாள்.

"என் தப்புதான் டீச்சர். துணிய நனைச்சுக் காயவச்சுட்டு வெட்டியிருக்கணும். பாலியஸ்டர் யூனிஃபார்ம் தச்சுத் தச்சு அந்த நெனப்பே இல்லாமப் போச்சு."

கை விடுபட்டதும் அருள்மொழிக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல. இந்த உடையை நம்பி நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள்.

"வேற துணி வாங்கினா திரும்பவும் இதே கததானே?" என்றாள்.

"சுருங்குற வரைக்கும் சுருங்கி முடிச்ச துணியா இருந்தா பயமில்ல. வீட்டுல பழைய கைத்தறிப் புடவ இருக்கா?"

இருந்தது. கைத்தறிக் கண்காட்சியில் வாங்கி, பல வருடம் கட்டித் துவைத்த சாம்பல் நிறப் புடவை, அரக்குக் கரை. சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று மறுநாள் லீவு சொல்லிவிட்டு அதை எடுத்துப் போனாள். நித்யா மேரி கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"நல்லாத்தானே இருக்கு. வெட்டணுமா?"

"பீரோவுல கெடந்து என்ன பண்ணப் போகுது? வெட்டு."

இந்த முறை நித்யா மேரி அவசரப்படவில்லை. அரக்குக் கரையைப் பிரித்து, பட்டன் வரிசைக்கு இருபுறமும் கழுத்திலிருந்து கீழ்வரை இறக்கினாள். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தளர்த்தினாள். மீதித் துணியில் கால்சட்டை. பக்கவாட்டில் இரண்டு ஆழமான பாக்கெட். புதன்கிழமை காலை அருள்மொழி யாரையும் எழுப்பாமல், கூப்பிடாமல், தானே உடுத்திக்கொண்டாள். சேஃப்டி பின் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்கான சில்லறையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, இத்தனை வருடம் எதற்குப் பர்ஸை இடுக்கிக்கொண்டு நின்றோம் என்று தோன்றியது.

பள்ளியில் முதல் பீரியடு முடிவதற்குள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினாள். பிரின்சிபால் சத்யப்பிரியா அருள்மொழியைவிட ஏழு வயது இளையவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அருள்மொழிதான் அவளுக்கு லேப் சாவிக்கொத்தைக் கொடுத்து இடம் காட்டினாள்.

"உக்காருங்க மிஸ். கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு மேடம்."

"டிரஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரூல் இருக்கே. புடவைதான்னு இருக்கு."

"புடவைதான் மேடம் இது. முழுப் புடவையும் இதுலதான் இருக்கு. முந்தானை இந்தக் கையில, கரை இங்க முன்னால."

சத்யப்பிரியா எழுந்து வந்து கரையைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. பிறகு நாற்காலிக்குத் திரும்பி, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னாள். கடிதம் வந்ததும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: 'தோள் குணமாகும் வரை அனுமதி.'

அதற்குப் பிறகு நாட்கள் சிக்கலில்லாமல் போயின. இன்னும் இரண்டு பழைய புடவைகள் அங்கியாயின. தமிழ் டீச்சர் மாரியம்மாள் மட்டும், "எங்களுக்கும் தோள் புடிச்சிக்கிட்டா தேவல" என்று அடிக்கடி சொல்வாள். அவள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும்தான் சொன்னாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு மாலை, "கைய மேல தூக்குங்க" என்றாள். அருள்மொழி தூக்கினாள். கை காதை ஒட்டி நேராக நின்றது. "முடிஞ்சுதும்மா, இனிமே வர வேணாம்" என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள். அருள்மொழிக்கும் சந்தோஷம்தான். ஆட்டோவில் வரும்போதுதான் பிரின்சிபால் எழுதிக் கொடுத்த வாசகம் நினைவுக்கு வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கதிரவனிடம் சொன்னாள்.

"சரியாயிடுச்சுன்னு நீ சொன்னாத்தானே தெரியும்? இந்த வருஷம் ஓடட்டும்" என்றான் அவன்.

"எப்படிங்க? லேப்ல பசங்ககிட்ட, ரீடிங் என்னா வருதோ அத எழுது, புக்குல இருக்கிறத எழுதாதேன்னு தெனம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்பப் புடவைக்கே போயிடுவியா?"

"புடவ கட்ட மாட்டேன்னு நான் சொல்லவேயில்ல. அதுவும் புடிக்கும். ஆனா இதுல வேலை செய்யறது எனக்குச் சுலுவா இருக்கு. அதச் சொல்லிக் கேக்கணும். மறைச்சு வச்சுக்கிட்டுப் போடக் கூடாது."

மறுநாள் பிரின்சிபால் அறையில் போய், கை குணமாகிவிட்டது என்றும், அனுமதி முடிந்தது தனக்குத் தெரியும் என்றும், ஆனால் இந்த உடையைத் தொடர்ந்து போட விரும்புவதாகவும் சொன்னாள். சத்யப்பிரியா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"சொல்லாம இருந்திருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன் மிஸ்."

"தெரியும் மேடம்."

"இப்ப இது என் கையில இல்ல. கரஸ்பாண்டன்ட் வெள்ளிக்கிழமை வர்றாரு. நீங்களே வந்து பேசுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

தாளாளர் சிங்காரத்துக்கு எழுபது வயது இருக்கும். அவர் தந்தை தொடங்கிய பள்ளி அது. அருள்மொழி சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இவ்ளோ வருஷமா எல்லாரும் புடவதாம்மா கட்டிக்கிட்டு வர்றாங்க. யாருக்கும் கஷ்டமா இல்லியே?"

"இருக்கு சார். யாரும் சொல்லல, அவ்ளோதான். லேப்ல ஒரு நேரத்துல இருபது பர்னர் எரியுது. முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, ஒரு கண்ணு அதுமேலயும் ஒரு கண்ணு பசங்கமேலயும் வச்சுக்கிட்டு நிக்கிறேன். பசங்களத் தொங்குற துணி போடாதீங்கன்னு சொல்லிட்டு, நானே தொங்க வுட்டுக்கிட்டு நிக்கிறேன்."

"இன்னிக்கு இது. நாளைக்கு யாராவது வேற மாதிரி வந்தா?"

"அப்ப அதப் பாத்து முடிவு பண்ணுங்க சார். இப்ப இதப் பாருங்க. கைத்தறித் துணி, கழுத்துலேருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் இருக்கு. இதுல மரியாதைக் குறைவா ஏதாவது தெரியுதா?"

சிங்காரம் பார்த்தார். பிறகு சத்யப்பிரியா பக்கம் திரும்பினார். "லேப் என்னிக்கு இருக்கு?"

"செவ்வாய், வியாழன் சார்."

"அந்த ரெண்டு நாள் போடட்டும். சயின்ஸ் டீச்சருங்க எல்லாருக்கும் பொதுவாச் சர்க்குலர் போட்டுடுங்க. கைத்தறியா இருக்கணும், முழங்காலுக்குக் கீழ இருக்கணும். மத்த நாள் புடவ."

அருள்மொழி எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. கேட்டுக் கிடைத்தது, அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னதும் மாரியம்மாளின் முகம் வாடியது. "எங்க பாடத்துக்கு அடுப்பும் இல்ல, நெருப்பும் இல்ல" என்றாள். "அடுத்த தடவை கரஸ்பாண்டன்ட் வரும்போது நீயும் வா, ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்" என்றாள் அருள்மொழி. மாரியம்மாள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி நித்யா மேரிக்குப் போன் செய்தாள். இயற்பியல், உயிரியல் டீச்சர்கள் இருவரும் வெட்டத் தயாராகப் பழைய புடவை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"சந்தோஷம் டீச்சர். அளவெடுக்க எப்ப வேணா வரச் சொல்லுங்க. ஆனா தைக்கிறது ஜனவரிலதான். கிறிஸ்துமஸ் துணி இங்க மலையாக் கெடக்குது, என் பொண்ணு கவுனையே இன்னும் வெட்டல."

"ஜனவரியே இருக்கட்டும்" என்றாள் அருள்மொழி. கடலூர் பஸ் உள்ளே திரும்பியது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினாள்.