செங்கடலுக்கு மூன்று பெட்டி

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த உரக்கடையில் உட்கார்ந்து, ஆக்சிலியா காலையிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் பூச்சி மருந்துப் பெட்டிகள். இன்றைக்குள் அவை கடையை விட்டுப் போனால் அவளும் வீட்டுக்காரர் இன்னாசிராஜும் எகிப்துக்குப் போவார்கள். இல்லையென்றால் பெட்டியும் இங்கேதான், அவளும் இங்கேதான்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கடைக்காரர்களுக்கு ஒரு டூர் வைப்பார்கள். புதிதாக இறக்கிய மருந்தை யார் அதிகம் தள்ளுகிறார்களோ அவர்களுக்கு. எப்போதும் ஆம்பளைகள் மட்டும் எங்காவது போய்க் குடித்துவிட்டு, கண் சிவக்க வந்து இறங்குவார்கள். இந்த வருஷம்தான் ஜோடி டூர். பாலக்கோடு பக்கத்துக்கு ஒரே ஒரு ஜோடி. மருந்தை எடுத்து அலமாரியில் அடுக்கினால் கணக்கில் வராது. விவசாயி வாங்கி, அவர் போனுக்கு வரும் நம்பரைக் கடைக்காரர் போனில் அடித்தால்தான் வரும். பந்தயத்தில் கடைசியாக நின்றவை இரண்டு கடைகள். இவர்களுடையது ஒன்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாதையன் கடை இன்னொன்று.

ஆக்சிலியா டூர் பிளானை மனப்பாடமாக வைத்திருந்தாள். செங்கடல் ஓரத்து ரிசார்ட்டில் மூன்று நாள். பால்கனியில் நின்றால் கடல். ஒரு நாள் பாலைவனத்துக்கு ஜீப், ஒட்டகம், ராத்திரி கூடாரத்தில் சாப்பாடு. அப்புறம் கெய்ரோ. பிரமிடு, மியூசியம், குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு மாதாவும் சூசையப்பரும் தங்கியதாகச் சொல்லும் பழைய கோயில். பாலைவனத்துக்கு முழுக்கை சுடிதார், மண் காற்றுக்குத் தலையில் கட்டப் பருத்தித் துணி, கோயிலுக்கு மட்டும் பட்டுப்புடவை என்றுகூட முடிவு செய்துவிட்டாள். கடலுக்கு எதைப் போடுவது என்பதுதான் தீரவில்லை.

தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக் கூட்டத்தில் வாய்தவறிச் சொன்னதுதான் வினை. பெண்களெல்லாம் அவளுக்காக ஜெபமாலையில் ஒரு பத்து மணியே உருட்டிவிட்டார்கள்.

"வேளாங்கண்ணின்னு நெனச்சிக்கினு சேலையோட எறங்கிடாதடி, அங்கெல்லாம் வெள்ளக்காரிங்க பார்த்துச் சிரிப்பாளுங்க" என்றாள் ராஜமேரி.

"நைட்டி போட்டுக்கிறேன்."

"அதுக்குச் சேலையே மேல். மோசே பொளந்த தண்ணி, எனக்கு ஒரு பாட்டில் கொண்டா. மறந்துட்டு வந்தே, கோயில் வாசல்லயே கேப்பேன்."

இனிப் போகவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எந்த முகத்தோடு போவது?

முகம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவளுக்கே போக வேண்டும். தக்காளித் தோட்டத்துக் கூலிக்காரியின் மகள் அவள். தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடு தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி தேய்ந்த பிறகுதான் கல்யாணமே ஆனது. கல்யாணமான மறுவாரம் இந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள், மருந்து நாற்றத்தை மூக்கு மறந்துபோகும் அளவுக்கு உட்கார்ந்துவிட்டாள். வெறுமனே உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. வெறியாக இருந்தது என்றே சொல்லலாம்.

மத்தியானம் கம்பெனி ஆள் அருள்குமார் போன் செய்தான்.

"அக்கா, எதிர்க்கடையிலயும் மூணு பொட்டிதான் பாக்கி. யார் மொதல்ல முடிக்கிறாங்களோ அவங்கதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்களுக்குத்தான் கெடைக்கும்னு சொன்னீங்களே தம்பி?"

"இப்பவும் அதான் சொல்றேன். மாதையண்ணங்கிட்டயும் அதான் சொல்றேன்" என்று சிரித்தான். "பிளான்ல ஒரு கேள்வி இருக்குது, பார்த்தீங்களா? மொதல்ல கடலா, மொதல்ல பாலைவனமான்னு. டிக் பண்ணி வைங்க."

மாதிரி பாட்டில்களோடு பைக்கில் பென்னாகரம் பக்கம் போயிருந்த இன்னாசிராஜ் அடுத்துப் பேசினார். குரல் வறண்டிருந்தது.

"ஒருத்தனும் வாங்கலடி. தக்காளி வெல வுழுந்துபோச்சி, எவன் மருந்து அடிப்பான்? கடைக்கு யார் வந்தாலும் அதையே எடுத்துக் குடு. என்னா ஏதுன்னு பாக்காத."

"சரிங்க."

அவள் போனை வைத்தபோது ராமக்காள் படியேறி வந்தாள். ஊருக்கு மேற்கே மானாவாரி மேட்டில் கிணறு வெட்டித் தக்காளி போட்டிருப்பவள். புருஷன் இல்லை. தானே உழுது, தானே நட்டு, தானே பறிக்கிறவள். அவள் எந்த மருந்தை அடிக்கிறாளோ அதையே அவள் பங்காளி வீடுகள் நாலும் அடிக்கும். பிளாஸ்டிக் பையிலிருந்து வேரோடு பிடுங்கிய ஒரு செடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இத பாரு கண்ணு. நாலு நாளா இப்பிடி நிக்குது. நல்ல மருந்தாக் குடு. எங்க ஆளுங்க அத்தினி பேருக்கும் சேர்த்து வாங்கியாரச் சொன்னாங்க. ரெண்டு மூணு பொட்டி ஆவும்."

ஆக்சிலியா பின்னால் இருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பெட்டி. ஒரே நம்பர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாதையன் ஸ்டூலில் உட்கார்ந்து இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செடியைப் பார்த்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் சொன்னபடி பார்க்காமல் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பார்த்துவிட்டாள். கொழுந்து கருகி, இலையில் செம்பு நிறம் ஏறியிருந்தது. காயில் வட்டம் வட்டமாகப் புள்ளி. போன வருஷம் அவள் தம்பி பிரவீன் தோட்டத்தில் இதே வைரஸ் வந்தது. நாலு தடவை மருந்து அடித்தான். ஐந்தாம் தடவை செடியை எல்லாம் பிடுங்கித் தீ வைத்தான். மருந்து பூச்சியைக் கொல்லும். செடிக்குள் ஏறிவிட்ட நோயை ஒன்றும் செய்யாது.

"எத்தன செடி இப்பிடி இருக்குது?"

"பாதிக்கு மேல."

"மத்தவங்க தோட்டத்துல?"

"அங்கயும் அதே கதெதான். எல்லாம் ஒரே எடத்து நாத்து. ஏன் கண்ணு, மருந்து இருக்குதில்ல?"

ஆக்சிலியா வாயைத் திறந்தாள். இருக்குது என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. செடியிலிருந்து ஒரு காய் கழன்று உருண்டு, டூர் பிளான் திறந்தபடி மேசைமேல் கிடந்த போனின் கடற்கரைப் படத்தில் முட்டி நின்றது.

"அக்கா, இதுக்கு மருந்து இல்லீங்க. புடுங்கிப் போட்டுக் கொளுத்திடுங்க. அடிக்கிறதெல்லாம் வீண்."

ராமக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஊரில் மருந்துக்கடைக்காரர் யாரும் மருந்து வேண்டாம் என்று சொன்னதில்லை. வெற்றிலைக்கடைக்காரன் வெற்றிலை போடாதே என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் அவளுக்கு இருந்தது. பார்வை ஆக்சிலியாவைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

"அது என்னா பொட்டி? புது மருந்துதானே? டிவியில காட்டறானே, அது."

"அது இதுக்கு ஆவாதுங்க."

"ஆவாதா, எனக்கு ஆவாதா?" ராமக்காள் குரல் உயர்ந்தது. "பத்து ஏக்கர் வெச்சிருக்கறவனுக்கு எடுத்து வெச்சிருக்கறியா? மேட்டுக்காட்டுக்காரி கேட்டா இல்லேங்கறே, பொட்டி கண்ணு முன்னாடி நிக்குது. பயிரப் புடுங்குன்னு சொல்றதுக்கு ஒரு கடெயா?"

"சத்தியமா அப்பிடி இல்லக்கா. மாதா மேல ஆணையா…"

"உங்க மாதாவ எதுக்கு இழுக்கறே? மாதையன் கடெ இல்லாமப் போச்சா?"

செடியை எடுத்துக்கொள்ளாமலே படியிறங்கினாள். ஓசூர் பஸ் குறுக்கே போனது. அது போகும்வரை ரோட்டோரம் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் மாதையன் ஸ்டூலிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"வாங்க வாங்க, என்னா வேணும்?"

அவர் பிடுங்கச் சொல்ல மாட்டார். மூன்று பெட்டியையும் எடுத்து வைப்பார். மருந்து அந்தக் காட்டில் எப்படியும் அடிக்கப்படும், பயிர் எப்படியும் போகும். செங்கடலில் மட்டும் மாதையன் பெண்டாட்டி நின்றுகொண்டிருப்பாள். ஆக்சிலியா சொன்ன உண்மையால் யாருக்கு என்ன மிச்சம்? பஸ்ஸின் பின்பக்கம் கடந்தது. ராமக்காள் ஒரு காலை ரோட்டில் வைத்தாள்.

"ராமக்கா!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கடை வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"ராமக்கா, வாங்க. குடுக்கறேன்."

ராமக்காள் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் போய் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்திருந்தது. "அப்பிடி வா வழிக்கு. மொதல்லயே குடுத்திருந்தா வாய்ச்சண்ட எதுக்கு?"

ஆக்சிலியா பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். கிரேடு தூக்கிய கைதான், ஆனாலும் கனத்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருந்த சீட்டைத் தன் போன் கேமராவில் காட்டினாள். "நோவு ஏறாத செடிக்கு அடிங்க" என்று மெதுவாகச் சொன்னாள். நோய் ஏறாத செடி அந்தக் காட்டில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ராமக்காள் தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும்தான் அடிப்பாள். பங்காளிகள் கொடுத்தனுப்பிய பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள்.

"போன குடுங்க, நம்பர் வரும்."

ராமக்காள் முந்தானையில் முடிந்திருந்த பட்டன் போனை அவிழ்த்து நீட்டினாள். "எனக்கு எழுத்துத் தெரியாது. நீயே பார்த்துக்க சாமி." ஆக்சிலியா பார்த்தாள். அடித்தாள். திரையில் பச்சை டிக் விழுந்து, காகிதப் பூக்களாகக் கொட்டிற்று. வாழ்த்துகள் என்றது. பூவெல்லாம் உதிர்ந்ததும் பழைய கேள்வி வந்து நின்றது. முதலில் கடலா, முதலில் பாலைவனமா?

கேள்விக்குக் கீழே மணல்மேட்டில் ஒட்டகங்கள் வரிசையாகப் போகும் படம். ராமக்காள் எட்டிப் பார்த்தாள்.

"என்னா கண்ணு அது?"

"எகிப்துங்க. நானும் எங்க வூட்டுக்காரரும் போறோம். கம்பெனியில கூட்டிக்கினு போறாங்க."

"எதுக்குக் கூட்டிக்கினு போறான்?"

"மருந்து வித்ததுக்கு."

"அட, நல்லா இரு." உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். படத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒரே மணலா இருக்குதே. இதுல ஒண்ணும் வெளையாதா?"

"வெளையாதுங்க."

"தண்ணி இல்லையா, இல்ல நோவு வுழுந்துச்சா?"

ஆக்சிலியா போனைக் கவிழ்த்து வைத்தாள். ராமக்காள் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கி வுடு" என்றாள். ஆக்சிலியா மூன்று பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி அந்தத் தலையில் ஏற்றினாள். கழுத்து நரம்பு புடைத்து நிற்க, ராமக்காள் ரோட்டைக் கடந்து மினி பஸ்ஸை நோக்கி விரைந்தாள். மாதையன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

போன் அடித்தது. இன்னாசிராஜ்.

"ஏ ஆக்சிலி! அருள்குமார் இப்பத்தான் சொன்னான். யாருகிட்டடி தள்ளினே? கெட்டிக்காரி! மொதல்ல கடலா பாலைவனமான்னு கேக்கறான், என்னா சொல்லட்டும்?"

மேசைமேல் அந்தச் செடி கிடந்தது, வேரில் ஒட்டிய செம்மண் காயாமல்.

"எதையாவது சொல்லுங்க" என்றாள் ஆக்சிலியா.