இருபத்தேழு டிகிரி

நேர்முகத் தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது வைதேஹி மேடம் என் மேஜைக்கு வந்தாள். நான் இந்தத் தில்லி ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாக டெக்னீஷியன். பூகம்ப அலைகளைப் பதியும் கருவிகளை மலையில் ஏற்றிப் புதைப்பது என் பிழைப்பு. அவள் ஒப்பந்த விஞ்ஞானி. நிரந்தர வேலைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"செல்வராஜ் அண்ணா, அந்தக் கருவிய சரியா வடக்கப் பாத்துதான வெச்சோம்? கமிட்டில கேப்பா. தப்புன்னா சொல்லுங்கோ, ஒரு வாரத்துல கணக்க மறுபடி போட்டுடுவேன்."

அண்ணாவாம்! நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கருவியைப் புதைக்கப் போன மலையில் நான் வெறும் செல்வராஜ். காம்பஸைக் கொண்டுபோய்க் கருவிக் குழியின் இரும்பு மூடி மேலேயே வைத்து வடக்கு பார்த்தாள். இரும்பு காம்பஸ் முள்ளை இழுக்குமே என்று வாயைத் திறந்தேன். "ஜல்தி ஜல்தி. நீங்க குழி தோண்டினா போறும்" என்றாள், அத்தனை கூலியாட்கள் முன்னால். சரி தாயி, உன் பாடு என்று இருந்துவிட்டேன். அவள் கீழே இறங்கியதும் தள்ளி நின்று நானே அளந்தேன். கருவி இருபத்தேழு டிகிரி மேற்கே விலகியிருந்தது.

அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது அதிலிருந்துதான். நம் நிலத்தட்டு ஆசியாவோடு மோதி, அதன் அடிப்பாகம் இமயமலைக்குக் கீழே வடக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. இவள் கணக்கில் மட்டும் அந்த ஓரிடத்தில் அது கிழக்கே திரும்பியது. அதற்குக் கைதட்டல்கூட வாங்கியிருந்தாள்.

"சரியாத்தான் இருந்திச்சு மேடம்" என்றேன்.

தேர்வன்று புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள நான் ஹாலின் ஓரத்தில் நின்றேன். கமிட்டியில் ஒருவர், அலைகள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்பதைப் பழைய பூகம்பங்களை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தார். பத்தே நிமிஷத்தில் கருவிதான் திரும்பியிருந்தது என்று காட்டி, அவள் கண்டுபிடிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

வராந்தாவில் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க பேரு எங்கயும் வராது அண்ணா. நான்தான் வெச்சேன்னு சொல்லிட்டேன். ரிடையர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்குப் பிரச்சனை?" லிஃப்ட் பக்கம் போனவள் திரும்பினாள். "அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணல மேடம்."

அச்சா என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள். லிஃப்டுக்குள் போய், எந்தப் பொத்தான் என்று தெரியாதவள்போல நின்றுகொண்டிருந்தாள். நானே உள்ளே கைநீட்டித் தரைத்தளத்தை அமுக்கினேன். கதவு மூடும்போது தேங்க்ஸ் என்றாள்.