சிவப்புப் பொத்தானில் கசிந்த நீர்

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்த கலைவாணியின் முகத்தில் மாசி மாதம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அப்பா செத்த அன்றும் அது இறங்கவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் தொழிலாளர் மனசைக் கவனிக்கவென்று ஸ்ரீஹரி என்ற மனோதத்துவ அதிகாரியைக் கம்பெனி திருப்பதியிலிருந்து கூட்டி வந்தது. நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தமாட்டார். அவர் கம்பெனி கேட்டில் இரண்டு பொத்தான் வைத்த ஒரு பெட்டியைப் பொருத்தினார். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் மனசு நன்றாயிருந்தால் பச்சைச் சிரிப்பு முகத்தையும், இல்லாவிட்டால் சிவப்பு அழுமூஞ்சியையும் அமுக்க வேண்டும். சிவப்பை அமுக்கினவர்களை உட்காரவைத்து ஆறுதலாகப் பேசுவார். பேசி முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். ஆகவே கால் வீங்கினவளும், சூப்பர்வைசரிடம் வசை வாங்கினவளும் பச்சையையே அமுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பச்சை பெருகப் பெருக, ஆட்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று மேலிடம் வேலையின் வேகத்தைக் கூட்டியது. அமுக்கின சிரிப்பு ஒவ்வொருத்தியாக முகத்தில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பல்லில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஊரும் விட்டுவிட்டது.

அப்பா நாகையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவேயில்லை. கலைவாணி பாடையருகே நின்று அழப் பார்த்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை, பல்தான் தெரிந்தது. தாய் சுந்தரம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“உன் நைனா பொணமா கெடக்குறாரு, நீ இளிச்சுக்கினு நிக்கிற. பாலூத்த வராத. உன்ன நான் பெக்கல.”

போக்கிடம் இல்லாமல் மறுநாள் அவள் ஷிப்டுக்கே போனாள். கேட்டில், யாரும் தொடாத சிவப்புப் பொத்தானிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாட்ச்மேன் சின்னப்பன் கீழே பக்கெட் வைத்திருந்தான். அந்தப் பக்கம் குழாயே கிடையாது என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போனானாம். கலைவாணி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு அதில் பிடித்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து அன்றும் பச்சையைத்தான் அமுக்கினாள். பஸ்ஸை விட்டால் பால் ஊற்றும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது.

விடிந்ததும் சுடுகாட்டில், எல்லோரும் பால் ஊற்றின இடத்தில் அவள் பாட்டிலைச் சாய்த்தாள். சாய்க்கச் சாய்க்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கூடவே ஒரு விசும்பலும் வந்தது. அப்பா சந்தைக்குப் போகும்போது பின்னாலேயே ஓடி அழுத சின்னப் பெண்ணின் விசும்பல். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? சுந்தரம்மா அந்தச் சிரிக்கிற முகத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களில் சாவு விழுந்தால், மாலைக்கு ஒரு ஆளும் கம்பெனி கேட்டுக்குப் பாட்டிலோடு ஒரு ஆளும் போகிறார்கள். சின்னப்பன் ஒன்றும் கேட்காமல் நிரப்பிக் கொடுக்கிறான். பக்கெட் போதவில்லை என்று ஸ்ரீஹரி டிரம் வாங்கி வைத்திருக்கிறார்.