மஞ்சள் துணி கட்டிய பாத்தி

“ஏண்டி, அன்னைக்கு நீ வீட்டுக்குத் தூரமா இருந்தியா?”

ராமக்காள் இதைக் காதோடு காதாகக் கேட்கவில்லை. கொடிக்கால் வாசலில், அத்தனை ஆண்களும் நிற்கும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களும் இடுப்பை நிமிர்த்திப் பார்க்கிற குரலில் கேட்டாள். முத்துமீனாவுக்குப் பொய் சொல்ல வராது. பேசுவதே வராதவளுக்குப் பொய் எங்கிருந்து வரும்? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்வதுதான் பாதிக் காரணம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“கேட்டுக்கங்க!” என்று ராமக்காள் எல்லோர் பக்கமும் திரும்பினாள். “நான் சொன்னேனா இல்லையா? கொடி சும்மா வாடாது.”

சோழவந்தானைச் சுற்றியுள்ள ஊர்களில் வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்பார்கள். பெயருக்குத்தான் தோட்டம், நடப்பெல்லாம் கோயில். செருப்பை வேலிக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாதவிலக்கான பெண்கள் வேலியோரம்கூட வரக்கூடாது. வந்தால் கொடி வாடிவிடும். முத்துமீனாவும் இதை மீறியவள் இல்லை. அந்த ஐப்பசிக் காலையில் அம்மா முனியாயியோடு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தபோது பாதி வேலையில் அடிவயிறு இழுத்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இதுதான் அவள் செய்த குற்றம். உடம்பு முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது?

அதற்குப் பிறகு அடைமழை. மழை வெறித்ததும் அவர்கள் பாத்தியில் மட்டும் கொடி பழுத்தது. அகத்தி மரத்தில் ஏறி நின்ற கொடியெல்லாம் தலை தொங்கி, மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. பக்கத்துப் பாத்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஊரின் சாட்சி. நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த ஒரே கொடிக்கால், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே மழை. பிறகு முனியாயி பாத்தி மட்டும் ஏன் சாகவேண்டும்? மகள் தீட்டோடு உள்ளே நின்றாள், அதனால்தான்.

ராமக்காள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது முத்துமீனாவுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள். அவள் பெயர் மைத்ரேயி. மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். கொடி வாடிப்போனதை அன்று காலையில்தான் ஒவ்வொரு தூராக உட்கார்ந்து படம் எடுத்திருந்தாள். ராமக்காள் கத்தியபோது அவள் தலையைக் குனிந்து கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளும் அவளுடைய பேராசிரியர் பசுபதியும் ஆவணியில் அந்தக் கொடிக்காலுக்கு வந்தவர்கள். வெற்றிலையின் வேரை அழுகவைக்கும் பூஞ்சை ஒன்று மண்ணுக்குள் இருக்கிறதாம். அதைத் தின்று தீர்க்கிற நல்ல பூஞ்சை ஒன்றை, மரபணுவைப் படித்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, வெள்ளை மாவில் கலந்து பொட்டலம் போட்டிருக்கிறார்களாம். “ரெண்டு வகை மருந்து இருக்கு. எது நல்லா கேக்குதுன்னு பாக்கப்போறோம்” என்று மைத்ரேயி சொன்னாள். யாருக்கு எது என்று அவர்கள் முடிவு செய்யக்கூடாதாம். அதனால் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். கொடிக்காலுக்குப் பெரியவரான சுடலைக்கும் ராமக்காளுக்கும் சோணைமுத்துவுக்கும் சிவப்பு வந்தது. முனியாயிக்கு மஞ்சள். அவரவர் பாத்தி முகப்பில் அந்த நிறத் துணியைக் கட்டினார்கள்.

“மஞ்சளு மங்களகரம்! மகராசி, ஒனக்குத்தான் சாமி நல்ல சீட்டுக் குடுத்திருக்கு” என்று ராமக்காளே அன்று முனியாயியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

கேள்வி கேட்கப்பட்ட நாளோடு முத்துமீனா கொடிக்காலுக்குள் போவது நின்றது. முனியாயி மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அடுப்பைப் பார்த்தபடி ஒரே ஒருமுறை சொன்னாள்: “நாள் கணக்கு வச்சிருந்தா இம்புட்டு வந்திருக்குமா?” அப்புறம் மகளிடம் அவளுடைய பேச்சு, சோறு எடுத்து வை, விளக்கை அணை என்பதோடு சரி. செத்த பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டு முனியாயி அடுத்தவர் பாத்திகளில் கூலிக்கு வெற்றிலை கிள்ளினாள். முத்துமீனா முதல் பஸ் பிடித்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாலை கட்டப் போனாள். பூவுக்கும் அந்த நாட்கள் ஆகாதுதான். ஆனால் மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்க அங்கே நேரம் இல்லை.

மாலை கட்டும்போது அவள் மனதுக்குள் ஒன்றே ஓடும். நான்தான் கொன்றேன். இரண்டு வருடம் அம்மா குனிந்து நிமிர்ந்து வளர்த்த கொடியை என் உடம்பு கொன்றது. தன் வயிற்றின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

தை பிறந்ததும் கொடிக்காலுக்குப் பக்கத்துக் களத்தில் வயல் விழா என்று பந்தல் போட்டார்கள். ஆராய்ச்சி முடிந்து, பெரிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பியாகிவிட்டதாம். பாராட்ட மாலைகள் வேண்டும் என்று சுடலை சொல்லியனுப்பினார். மலிவாகக் கிடைக்கும் என்று முனியாயி மகளிடமே சொன்னாள். மாலைப் பையோடு முத்துமீனா வந்து இறங்கியபோது விழா பாதி நடந்திருந்தது. பந்தலுக்குள் போகலாமா கூடாதா என்று தெரியாமல் கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள்.

இரண்டு படங்கள். ஒன்றில் பச்சைப் பசேலென்று கொடி. கீழே “மருந்து இட்டது”. இன்னொன்றில் தலை தொங்கிய கொடி. கீழே “மருந்து இடாதது”. செத்த கொடி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொடிகளை அகத்தியோடு சேர்த்துக் கட்டியிருந்தது வாழைநார் அல்ல, பச்சைக்கரைச் சேலைக் கிழிசல். நார் தீர்ந்துபோன அன்று அம்மாவின் பழைய சேலையை அவளேதான் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். ஊரில் வேறு எவரும் அப்படிக் கட்டவில்லை.

மருந்து இடாதது. அவள் அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மேடையில் பசுபதி பேசி முடித்து, “யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா? தயங்காம கேளுங்க” என்றார்.

“இருக்கு.”

அது யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துமீனா அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதே கிடையாது. முனியாயிதான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் படம் எங்க பாத்தி சார்.”

“ரொம்ப சந்தோஷம்மா. உங்க ஒத்துழைப்பு இல்லன்னா இந்த ஆராய்ச்சியே...”

“மருந்து இடாததுன்னு போட்டிருக்கே. நாங்க போட்டமே! மஞ்சளுக்குன்னு மேடம் குடுத்த மாவ நானே இந்தக் கையாலதான தூருக்குத் தூரு வச்சேன்.”

பசுபதி சிரித்தார். சின்னப் பிள்ளை நல்ல கேள்வி கேட்டுவிட்ட சந்தோஷம் அவருக்கு. “அது வெறும் மாவும்மா. முகத்துக்குப் போடுற பவுடர்ல இருக்கிற கல்மாவு, அவ்வளவுதான். மருந்து வச்ச இடத்தையும் வைக்காத இடத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே மருந்தோட மகிமை தெரியும்? எது எதுன்னு சொல்லிட்டா நீங்க ஒண்ண நல்லா கவனிப்பீங்க, ஒண்ண விட்டுருவீங்க. அதான் சொல்லல. உலகம் பூரா இப்படித்தான் செய்றாங்க.”

“அடேயப்பா!” என்றார் சோணைமுத்து. “முனியாயி கொடிக்குப் பவுடர் அடிச்சுல்ல அழகு பாத்திருக்கோம்!”

பந்தலே சிரித்தது. முனியாயி சிரிக்கவில்லை. முத்துமீனாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. வழக்கமாக இப்படிச் சிரித்தால் அவள் தலை தானாகக் குனியும். அன்று குனிய மறுத்தது.

“மேடம்” என்றாள். மேடையோரம் உட்கார்ந்திருந்த மைத்ரேயி நிமிர்ந்தாள். “ரெண்டும் மருந்துதான்னு நீங்கதான சொன்னீக? சரி, போகட்டும். ராமக்கா பெரியம்மா என்னைய வாசல்ல நிப்பாட்டிக் கேட்டப்ப எனக்குப் பின்னாடிதான நின்னீக? நம்ம குடுத்தது வெறும் மாவு, அதான் செத்துச்சுன்னு அப்பவே தெரியுமா, தெரியாதா?”

மைத்ரேயி எழுந்தாள். ஒலிபெருக்கி இல்லாமலே பேசினாள். “தெரியும். பாதியில சொன்னா அதுவரைக்கும் எடுத்த அளவெல்லாம் வீணாயிடும் முத்துமீனா. சார்கிட்ட கேட்டேன். முடியிற வரைக்கும் பொறுத்திருன்னு சொன்னாங்க.”

பொறுத்திரு! பொறுத்திருந்தது யார்? குளிரூட்டிய அறையில் பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வைத்திருந்தவர்களா? அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிழக்கு வெளுக்கும் முன்பே பஸ் ஏறியவள் பொறுத்திருந்தாள். தன் வயிற்றைத் தானே சபித்தவள் பொறுத்திருந்தாள். பூஞ்சைக்கும் பூஞ்சைக்கும் நடந்த சண்டையில் இவள் தலையில் பழி விழுந்ததை ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, அதையும் கெட்டுப்போகாமல் பாதுகாத்திருக்கிறார்கள்.

“அப்ப என்னால சாகல” என்றாள் முத்துமீனா. “அத மைக்குல சொல்லுங்க.”

பசுபதி அவசரமாக முந்திக்கொண்டார். “நோய்க்குக் காரணம் பூஞ்சைதான், மனுஷங்க யாரும் காரணமில்ல. போதுமாம்மா? உங்களுக்கு நஷ்டம்னு எங்களுக்கும் புரியுது. உங்க பாத்திக்கு அடுத்த வருஷம் மருந்து இலவசமாவே தந்திடுறோம்.”

“யாருமில்லன்னு சொல்லாதீங்க சார். என் பேரைச் சொன்னாக, ஊரு பூரா சொன்னாக. அதே மாதிரி பேரைச் சொல்லுங்க.”

மைத்ரேயி பேராசிரியரைப் பார்க்காமல் போய் ஒலிபெருக்கியை வாங்கினாள். “முனியாயி அம்மா கொடி வாடினது முத்துமீனாவால இல்ல. நாங்க மருந்து வைக்காததால. அவங்க உள்ள இருந்ததுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.” அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஏதோ இருந்தது. பசுபதி கையை நீட்டி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

ராமக்காள் விடவில்லை. “அதுக்காக முறைன்னு ஒண்ணு இல்லாமப் போயிருமா? பொம்பளப்புள்ள கொடிக்கால்ல சுத்தபத்தமா இருக்கணுமா வேண்டாமா?”

“மேடம் வாரா வாரம் உள்ள வந்தாகளே பெரியம்மா. ஒரு நாளாச்சும் அவுகளக் கேட்டியா?”

“அவுக படிச்சவுக!”

“படிச்சவுகளுக்கு வராதா?”

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முந்தானைகள் வாயைப் பொத்தின. மைத்ரேயியின் முகம் சிவந்தது. மேடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள்.

சுடலை தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஊருக்கு நல்லவர் என்று பெயர் எடுத்தவர். எல்லோருக்கும் பொதுவாகத் தீர்த்துவைப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

“சரி விடுத்தா. அதான் மேடமே சொல்லிட்டாகள்ல? இனிமே யாரும் ஒன்னைய ஒரு சொல் சொல்ல மாட்டாக. நாளைக்கு வெள்ளிக்கிழம. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா. வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிச்சு, ஒரு தேங்காய ஒடச்சுட்டு உள்ள வந்திரு. முடிஞ்சு போச்சு.”

“எதுக்கு மாமா தேங்காய்?”

“ஒரு இதுக்குத்தான். மனசுக்கு.”

“யாரு மனசுக்கு?”

“ஏத்தா, ஒரு தேங்காய்ல என்ன வந்திரப்போகுது? கையக் குடுத்தா கழுத்தவும் கேப்ப போலயே!” என்று சோணைமுத்து அலுத்துக்கொண்டார். “சார் நேரமாகுதுங்கிறாரு. மாலையக் குடு.”

முத்துமீனா அம்மாவைத் தேடினாள். பெண்கள் வரிசையில் முனியாயி மடியில் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேரே வந்தவள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளக் கட்டைவிரலில் மாட்டும் தகர நகத்தைக்கூடக் கழற்றவில்லை. இனி அம்மா சொல்வதுதான் கணக்கு. சரி என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால், இவளும் தேங்காயோடு போய் அந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். மைக்கில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். செய்யாத குற்றத்துக்கு இவளே பரிகாரம் செய்ததாக ஆகிவிடும்.

“சொல்லு முனியாயி” என்றார் சுடலை. “ஒம் மகளுக்கு நீதான சொல்லணும்.”

முனியாயி எழுந்தாள். மேடையை நோக்கி நடந்தாள். பேனரில் தன் சேலைக் கிழிசலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலிலிருந்து தகர நகத்தைக் கழற்றி, சுடலைக்கு முன்னால், மாலைக்காகக் காத்திருந்த வெள்ளித் தட்டில் போட்டாள். அது டங்கென்று விழுந்தது. திரும்பி வந்து மகள் கையிலிருந்த மாலைப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏய் முனியாயி, மாலை! மாலையக் குடுத்துட்டுப் போ!” என்று ராமக்காள் பின்னாலிருந்து கத்தினாள்.

முனியாயி பந்தலுக்கு வெளியே கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு, கொடிக்கால் வேலியை ஒட்டியே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.