கொப்பரையின் அடி

ஷஹீதா திருப்பிக் காட்டிய கணினித் திரையில் ஊசிகள் கிடந்தன. நுண்நோக்கியில் எடுத்த படம் அது. வழவழப்பாக இருக்க வேண்டிய உலோகப் பரப்பில், வைக்கோல் சிதறியதுபோல மெல்லிய ஊசிகள்.

“இரும்பு, மோகன் அண்ணே. உங்க சோல்டர் கட்டியில ஊசி ஊசியா வருது. எங்க மெஷின் மூக்கு அடைச்சுக்கிட்டே இருக்கு. மேல உள்ளவங்க சத்தம் போடுறாங்க. அடுத்த லோட் சுத்தமா வரலன்னா வேற கம்பெனிக்குப் போயிருவோம். சாரி லா.”

பாயான் லெப்பாஸில் விளக்குகளுக்கு மின்பலகை செய்யும், ஷஹீதா வேலைபார்க்கும் அந்தத் தொழிற்சாலை கைவிட்டுப் போய்விட்டால் மோகனராஜின் பட்டறையை மூட வேண்டியதுதான். அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். ஊசிகள் எங்கிருந்து வந்தன என்று படத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பட்டறை இருக்கும் டத்தோ கிராமாட் வந்து சேரும்வரை அதை நினைக்காமல் காரை ஓட்டினான். எதையும் நினைக்காமல் இருப்பது அவனுக்கு இரண்டு வருடப் பழக்கம்.

பட்டறை அவன் மனைவி அதிரா தொடங்கியது. பொறியாளர் வேலையில் இருந்தவள். மின்பலகையில் பாகங்களை ஒட்டவைக்கும் சோல்டரில் காரீயம் கூடாது என்றான பிறகு, தொழிற்சாலைகள் கொள்ளை விலைக்கு வெளிநாட்டுக் கலவையை வாங்கின. “வெள்ளீயம் உருக்கி உலகத்துக்கே அனுப்பின ஊரு. இப்ப நமக்கு கப்பல்ல வருது. வெக்கமா இல்ல?” என்று கேட்டாள், ஏதோ மோகனராஜ்தான் கப்பலை வரவழைத்ததுபோல. மறுமாதம் வேலையை விட்டாள். வீட்டின் பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்து உருக்க ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு கலவைக்கும் தெரிந்தவர்களின் பெயரை வைத்தாள். ஆறியதும் நொறுங்கியதற்குப் பழைய மேலாளரின் பெயர். எவ்வளவு சூட்டிலும் இளகாததற்கு ‘மாமியார்’. மோகனராஜின் அம்மா அதைக் கேட்டுக் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் தானே சொல்லிச் சிரித்தாள். கடைசியில் வெள்ளீயமும் செம்பும் இன்னொரு உலோகத்தில் ஒரு சிட்டிகையும் சேர்ந்த ஒரு கலவை, வைத்த இடத்தில் எல்லாம் பிடித்துக்கொண்டது. “சித்தப்பா!” என்று கத்தினாள் அதிரா. “யார் வீட்டுக்குப் போனாலும் ஒட்டிக்குவாரு.” பெட்டிகளில் சித்தப்பாவைச் சுருக்கி சிபி என்று அச்சடித்தார்கள். வாங்குகிறவர்கள் அதை ஏதோ ரசாயனப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உரம் விற்றுக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்த மோகனராஜ், தன் வேதியியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அவளோடு சேர்ந்தான். உருக்கும் வேலைக்கு அலாவுதீன் வந்தார். கட்டி அடுக்க குமுதா வந்தாள். சோல்டர் போகாத தொழிற்பேட்டை இல்லை என்று சொல்லிக்கொள்ளும் காலமும் வந்தது.

அதிரா ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். உருகிய வெள்ளீயம் இரும்புக் கொப்பரையை மெல்ல அரிக்கும். அரிபட்ட இரும்பு ஊசியாகி அடியில் தங்கும். ஆகவே மாதம் ஒருமுறை அடிவரை வடித்து, சுரண்டி, புதிதாகத் தொடங்க வேண்டும்.

அவளுக்கு டெங்கி வந்தது. ஒரு வாரம்கூட இல்லை, போய்விட்டாள்.

அவள் கடைசியாக உருக்கியது கொப்பரையில் பாதியளவு உறைந்து கிடந்தது. அதன்மேல் புது வெள்ளீயத்தைப் போட்டு அலாவுதீன் அடுப்பை மூட்டினார். மாதக் கடைசி வந்தது. வடிகுழாயை யாரும் திறக்கவில்லை. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவுமில்லை. அதன் பிறகு மேலாக மொண்டு ஊற்றினார்கள், மேலாகவே போட்டு நிரப்பினார்கள். அடி அப்படியே நின்றது, உறைமோர் போல. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் குமுதா கொப்பரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மோகனராஜ் பார்த்தும் பார்க்காததுபோல் போவான்.

இப்போது அவன் பட்டறைக்குள் நுழைந்து நேராகச் சொன்னான். “அண்ணே, கொப்பரைய வடிக்கணும். அடிவரைக்கும்.”

அலாவுதீன் கையுறையைக் கழற்றினார். “புதுசா ஒண்ணு வாங்கலாமே தம்பி. இத ஓரமா வச்சிருப்போம்.”

“புதுசு வந்து சேர ரெண்டு மாசம் ஆவும். லோட் அடுத்த வாரம் போவணும்.”

“அக்கா உருக்குனதுண்ணே அது,” என்றாள் குமுதா. “அவங்க கை பட்டது வேற என்ன இருக்கு?”

“சித்தப்பா இருக்காரு. இந்த லோட் கெட்டா அவரையும் தூக்கிப் போட்டுருவாங்க. உலகத்துல அவரை நம்மளத் தவிர வேற யாரும் செய்யல.”

அலாவுதீன் தொண்டையைச் செருமினார். “சரி. ஞாபகத்துக்கு ஒரு கட்டி மட்டும் ஊத்தி எடுத்து வைக்கட்டா?”

வையுங்கள் என்று சொல்ல மோகனராஜ் வாயெடுத்தான். அதற்குள் அதிராவின் குரல் அவனுக்குக் கேட்டது: கெட்டுப்போன மெட்டல வீட்டுல வச்சு என்ன பண்ணப் போற, குழம்பா வைக்கப் போற? அவன் சிரித்துவிட்டான். குமுதா திடுக்கிட்டுப் பார்த்தாள். அவன் சிரித்து அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“வேணாம்ணே. எல்லாத்தையும் சுத்திகரிக்க அனுப்பிருவோம்.”

வடிகுழாயை அவனே திறந்தான். உலோகம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு அச்சுகளில் இறங்கியது. போகப்போக மங்கியது. கடைசியில் கேழ்வரகுக் கூழாகத் திரண்டு, குழாயில் நின்றுவிட்டது. மூவரும் மாறி மாறிக் கம்பி விட்டுக் குத்தினார்கள், சுரண்டினார்கள். குமுதா அழுதுகொண்டே சுரண்டினாள். நடுவில், “ச்சீ, எவ்வளவு அழுக்கு! அக்கா பாத்திருந்தா நம்மள வெளுத்திருப்பாங்க,” என்றாள்.

புது வெள்ளீயம் இறங்கியது, பிறகு செம்பு. அந்தச் சிட்டிகையை மோகனராஜ் தானே நிறுத்துப் போட்டான்.

லோட் போன இரண்டாம் நாள் ஷஹீதா கூப்பிட்டாள். “ஒரு ஊசிகூட இல்லண்ணே. ஆர்டர் உங்களுக்குத்தான். இன்னொண்ணு கேக்கட்டா? இஞ்சின் பக்கத்துல வைக்கிற போர்டு ஒண்ணு வருது. சூடு ஜாஸ்தி. உங்க சிபி தாங்குமா?”

“தாங்காது. அதுக்குப் புதுசா ஒண்ணு செய்யணும்.”

“செய்ய ஆள் இருக்கா?”

“நான் இருக்கேன்,” என்றான்.

போனை வைத்த பிறகுதான் அது வந்தது. பயம். அதை அவன் மறந்தே போயிருந்தான்.

மறுநாள் காலை சின்ன அடுப்பில் முதல் கலவையை உருக்கி ஊற்றினான். ஆறியதும் அது தானாகவே நாலாக வெடித்தது. அலாவுதீன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பிஸ்கட் மாதிரி வந்திருக்கு தம்பி. டீ வாங்கிட்டு வரட்டா?”

“எனக்கும் சேர்த்து வாங்குங்க,” என்று சொல்லிவிட்டு மோகனராஜ் அடுத்ததற்குச் செம்பை நிறுக்கத் தொடங்கினான்.